மிச்சப் பெயிண்ட்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு மெஷின், பத்து மணிக்கு அதே மெஷினுக்கு அடுத்த ஆள். நான்கு மணி நேரம் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆறு மணிக்குப் படுத்தால் நான்கு, ஆறரைக்குப் படுத்தால் மூன்றரை. பத்து மணிக்கு வருகிறவரும் மனிதர்தானே, அவருக்கும் மூச்சு முட்டுகிறதுதானே. அதனால் அங்கே யாரிடமும் சண்டை போட முடியாது. நான் சண்டை போடாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். மற்ற எல்லா இடத்திலும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பாக்கம் ஹைவேக்கு ஐந்து கிலோமீட்டர் ஒற்றை ரோடு. ஒரு பக்கம் ஏரிச் சேறு, மறுபக்கம் வேலிகாத்தான் முள். லைட் கம்பங்கள் ஊரோடு முடிந்துவிடும். விடியற்காலையில் அந்த ரோட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கையால் இறால் பிடிக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் ஏரிக்கு நடப்பார்கள். தண்ணீரில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, சிக்கியதை, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக் கூடையில் போடுகிறவர்கள். பெண்கள்தான் அதிகம். அவர்கள் உடுத்தியிருப்பது எல்லாமே சேற்று நிறத்துக்கு வந்துவிட்ட பழைய துணி. டார்ச் கொண்டுவர மாட்டார்கள். தண்ணீரில் அதை எங்கே வைப்பது? வழிதான் காலுக்கே தெரியுமே.

கார் நான் மூன்றாவது கையாக வாங்கியது. முதலில் நண்டுப் பெட்டி ஏற்றத்தான் வாங்கினேன். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி அதன் அடியெல்லாம் துருப் பிடித்திருந்தது. அந்த வருஷம் சித்திரையில், வழக்கம்போலப் படகைக் கரையேற்றிச் சுரண்டி பெயிண்ட் அடித்தேன். நீலம். எங்கள் கரையில் வெறும் இரும்பைப் பார்த்தால் எங்களுக்குக் கை அரிக்கும். உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், இரும்பு பொரிந்து உதிர்ந்துவிடும். அதனால் படகுக்கு அடித்து மிஞ்சுகிற பெயிண்ட் வீணாகாது. கேட், சைக்கிள், கிரைண்டர் ஸ்டாண்ட், குழாயடி இரும்புக் கட்டில் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை போடுவோம். அந்த வருஷம் நிறையவே மிஞ்சியது. கார் பானெட்டைத் திறந்தேன். கழற்ற முடிந்த நட்டு போல்டையெல்லாம் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சிவப்பு பிரைமர் ஒரு கோட்டு, நீலம் இரண்டு கோட்டு. காய்ந்த பிறகு எல்லாவற்றையும் பூட்டினேன். ஒரு புள்ளி இரும்பு வெளியே தெரியவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு பானெட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன்.

"வூட்ல இருக்கிறதுல என்னதான் இன்னும் அடிக்கல," என்றாள் மனைவி.

காலி பெயிண்ட் டப்பாவை அவள் எடுத்துக்கொண்டு போய், அடியில் ஆணியால் துளை போட்டு, எங்கிருந்தோ நல்ல மண் கொண்டுவந்து நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். இந்த ஊர் மண்ணுக்கும் காற்றுக்கும் அது வராது என்று நான் அடித்துச் சொன்னேன். வரத்தான் இல்லை. நாலு இலையோடு அப்படியே நின்றது.

ஆவணியில் அவளுக்குக் கால் வீங்கியது. புரட்டாசி முடிவதற்குள் மெஷின் வரைக்கும் வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்று இப்போது எழுதத் தெம்பில்லை. டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார். அவள் ஒரு பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டுக்கொண்டாள். டீ, ரசம், மோர் எது குடித்தாலும் அந்தக் கோட்டுக்குள் கழிய வேண்டும். மெஷினிலிருந்து இறங்குகிற நாளில் மட்டும், திரும்பி வரும் வழியில் எளாவூர் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தச் சொல்வாள். முழு கிளாஸ் டீ. ஊதி ஊதிக் கால் மணி நேரம் குடிப்பாள். அந்த ஒரு கிளாஸுக்காகவே வாரத்தில் மூன்று நாள் ஊசிக்குக் கை நீட்டுகிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

ஐப்பசி மழை விட்ட பிறகுதான் ஹெட்லைட் மங்கலாக இருப்பது உறைத்தது. ஒரே நாளில் மங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் எனக்குக் கண்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"இன்னாய்யா, லைட்டு போட்டுக்கீறியா, இல்ல அகல் ஏத்தி வெச்சிக்கீறியா?"

"கண்ணாடி அழுக்கும்மே. வூட்டுக்குப் போய் தொடச்சிக்கலாம்."

வீட்டுக்குப் போய் பற்பசை தடவித் துணியால் தேய்த்தேன். யாரோ சொன்ன வைத்தியம். கண்ணாடி பளபளத்தது. வெளிச்சம் அப்படியே இருந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. பனி இறங்கியிருந்தது. ஊர் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். எதிரே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று ஒரு கை. பிரேக்கில் ஏறி நின்றேன். கார் நின்றபோது அந்தப் பெண்ணின் உள்ளங்கை பானெட்டின் மேல் இருந்தது. தலையிலிருந்த அலுமினியக் குண்டான் விழுந்து உருண்டு சேற்றில் இறங்கியது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அதுவரை அவர்களில் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "இன்னாண்ணா, லைட்டு போடாம வர்ற?" என்றாள்.

"போட்டுதாம்மா கீது."

அவள் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "இதுவா?" என்றாள்.

குண்டானை எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். கார் இன்னும் ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என்னால் அந்த ரோட்டில் முதல் கியரைத் தாண்ட முடியவில்லை. மனைவி டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அவளுக்கு இடது கையில்தான் ஊசி போடும் நரம்பு. அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது. அதனால் உடம்பைத் திருப்பி, வலது கையை வளைத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி டார்ச் அடிப்பாள். மூச்சு வாங்கும். "போ, போ, யாருமில்ல" என்பாள். நான் நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். வேலிகாத்தான் நிழலெல்லாம் எனக்கு ஆளாகத் தெரிந்தது. அரை மணி முன்னால் கிளம்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் இருட்டு இன்னும் கெட்டி, நடக்கிறவர்களும் இன்னும் அதிகம். முன்னால் கிளம்பியதையெல்லாம் ரோடே தின்றுவிட்டது. ஹைவேயில் ஏறினாலும் ஓரத்திலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது; லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹாரனால் திட்டுவார்கள். ஒரு நாள் ஆறு இருபது, ஒரு நாள் ஆறரை, ஒரு நாள் ஆறே முக்கால்.

"அண்ணே, டைம் போனா போனதுதான். உள்ள தண்ணி முழுசா எறங்காது," என்று நர்ஸ் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

காரை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. பஸ் அந்த நேரத்துக்குக் கிடையாது. பைக்கில் அவளால் உட்கார முடியாது. ஊரில் இருந்த ஒரே ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு நாள் வந்தார், மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. இந்தக் கார்தான், இந்த லைட்தான்.

நான் ஒவ்வொருவராகப் பிடித்துச் சண்டை போட ஆரம்பித்தேன். முதலில் பல்பு கடைக்காரர். ஆரம்பாக்கத்தில் அவரிடம் இருந்ததிலேயே அதிக வாட் பல்பு இரண்டு வாங்கி மாட்டினேன். முன்பைவிட மோசமாக எரிந்தது. சிவப்பாக, தூங்கப் போகிற கண் மாதிரி. நேராகக் கடைக்குப் போய் பல்பைக் கவுன்டரில் வைத்தேன்.

"இன்னாய்யா, டூப்ளிகேட் மால் குடுத்துக்கீற?"

"அண்ணா, ஒரிஜினல்ணா. எந்த வண்டில வேணா போட்டுப் பாரு."

"என் வண்டிலதான எரியணும்? உன் வண்டில எரிஞ்சி எனக்கு இன்னா?"

கூட்டம் கூடியது. நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் கடைசியில் பல்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். பழைய பல்பையே மாட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்து மெக்கானிக். பேட்டரி போயிருக்கும் என்றார். மாற்றினோம். ஹாரன் ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தியது, லைட் மட்டும் மங்கல். டைனமோ என்றார். கழற்றிப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்ப மாட்டினார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "சூப்பரா பெயிண்ட் அடிச்சி வெச்சிக்கீற" என்றும் சொன்னார். எனக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆனால் லைட் எரியவில்லையே, அதனால் அவரையும் விடவில்லை. என் நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு கெட்டதை வைத்துவிட்டார் என்றேன். பத்து வருஷம் பழகிய மனிதர், அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது ஆள் டீக்கடைக்காரர். அவருக்கும் லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனைவி திடீரென்று டீ வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். நிறுத்தட்டுமா என்று கேட்டால், "வாணாம், வாய் கசக்குது" என்பாள். அவள் ஆசையாகக் குடித்தது அது ஒன்றுதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கி, "பால்ல இன்னாய்யா கலக்குற? என் பொஞ்சாதி வாயில வெக்க முடியலன்றா" என்று அவரிடம் போய் நின்றேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணும் கலக்கலண்ணா. அக்காக்கு ஒடம்பு எப்டி கீது?" என்றார். நான் காருக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த முறை வேறு கடையில் நிறுத்தினேன். அங்கேயும் அவள் வேண்டாம் என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பயம். அவள் போய்விடுவாள் என்று பயம். வழியில் இன்னொருத்தியை நான் அடித்துக் கொன்றுவிடுவேன் என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர் ரோடு. திங்கட்கிழமை சாயங்காலமே செவ்வாய்க்கிழமை ரோட்டை நினைக்க ஆரம்பித்துவிடுவேன். சும்மா உட்கார்ந்து பயப்பட எனக்குத் தெரியாது, அதனால் யாரையாவது பிடித்துத் திட்டினேன்.

கண்டுபிடித்தது அவள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இடது பக்கம் திருப்ப இண்டிகேட்டர் போட்டேன். பனியில் இன்னும் சரியாக விடியவில்லை. எதிரே வெள்ளைச் சுவர்.

"யோவ், இரு. திரும்பாத," என்றாள். "இண்டிகேட்டர நிறுத்து. இப்போ போடு. பாத்தியா? அது மினுக்குறப்பலாம் பெரிய லைட்டும் கூடவே மினுக்குது."

பார்த்தேன். இண்டிகேட்டர் எரியும்போது ஹெட்லைட் இன்னும் மங்கியது, அணையும்போது கொஞ்சம் தேறியது. எவ்வளவு நாளாக இப்படி என்று தெரியவில்லை. நான் சுவரைப் பார்த்திருந்தால்தானே. நான் வாட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோக்களுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியனிடம் போனோம். மனைவியும் வந்தாள். "நீ போனா அந்த ஆள்ட்டயும் சண்ட வலிச்சினு வருவ" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தாள். இண்டிகேட்டர் விஷயத்தை அவளே சொன்னாள். அவர் அதைக் கேட்டதும் பல்பு பக்கமே போகவில்லை. ஒரு நீள வயரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தார். இன்னொரு முனையை ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் பூட்டியிருந்த கறுப்பு வயரில் தொட்டார்.

எதிரே ஸ்டேஷன் சுவர் முழுக்க வெளிச்சம் விழுந்தது. சுவரில் பாதி அழிந்த எழுத்தெல்லாம் படிக்க முடிந்தது. வயரை எடுத்தார், மங்கியது. வைத்தார், எரிந்தது.

"பல்பும் நல்லாக்கீது, பேட்டரியும் நல்லாக்கீது," என்றார். "கரண்ட் பல்புக்குப் போவுது. திரும்பி வரத்தான் வழியில்ல. அது பாடி இரும்பு வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பணும். எர்த்துனு சொல்றமே, அது. லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே எர்த்து. அதான் ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணு அழுவுது." போல்டைக் கழற்றினார். கறுப்பு வயரின் நுனி வளையத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் மழமழவென்று நீலம். நகத்தால் சுரண்டினார், இறங்கவில்லை. "இரும்பயே காணோமேண்ணா. யாரு பெயிண்ட் அடிச்சது?"

"யாரோ மெக்கானிக்கு," என்றேன்.

"யாரோ இல்ல, இந்த ஆளுதான்," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "படகுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சி வெச்சிக்கீறாரு."

"போல்டு மரைல கொஞ்சம் இரும்பு ஒட்டிக்கினு இருந்திருக்கும். அதான் சித்திரைலேர்ந்து ஓடிச்சு. மழைல உப்பு ஏறினதும் அதுவும் போச்சு. பெரிய பல்பு போட்டிருந்தா இன்னும் மோசமா எரிஞ்சிருக்குமே?"

உப்புத்தாளை அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். அடித்தவன் நான், நானே சுரண்டுகிறேன் என்றேன். இரண்டு கோட்டு நீலம், அதற்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் வெள்ளையாக இரும்பு. நன்றாகத்தான் அடித்திருந்தேன், சுலபத்தில் வரவில்லை. இரண்டு பக்கமும் சுரண்டி முடித்ததும் வளையத்தை வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். "வளையத்துக்கு அடியில இத இப்டியே உட்ரணும். கை அரிக்குதுனு மறுபடி பிரஷ் எடுத்துனு வந்துடாத," என்றார். அவருக்கும் எங்கள் கரை ஆட்களைத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். டார்ச் மனைவியின் மடியிலேயே கிடந்தது. ரோடு தெரிந்தது, சேறு தெரிந்தது, தூரத்திலேயே வரிசையாக நடக்கிறவர்கள் தெரிந்தார்கள். கிட்டே போகும்போது லைட்டைத் தாழ்த்தினேன். ஒரு பெண் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "யப்பா, கண்ணு கூசுது" என்று திட்டிக்கொண்டே ஒதுங்கினாள். அன்றைக்கு பானெட்டில் கை வைத்தவளா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது ஆறுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

நான்கு மணி நேரம் முழுசாகக் கிடைத்தது. திரும்பி வரும்போது எளாவூர் நெருங்கியதும், "வண்டிய நிறுத்து," என்றாள். "பழைய கடைலயே நிறுத்து. டீ வாங்கினு வா. முழு கிளாஸ்."

எனக்கு அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஆற்றிக் கொடுத்தார். கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன்.

"வாய் கசக்குதுன்னியே?"

"வாய் எங்க கசந்துச்சு," என்றாள். ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். "நீ லேட்டா கொண்டுபோய் உட்டா டைம் கொறையுது. டைம் கொறைஞ்சா தண்ணி எறங்கல. அதான் நான் கொறைச்சிக்கினேன்."

"பாட்டில்ல கோட்டு வரைக்கும் தினமும் காலி ஆவுதே. நான்தான பாக்கறேன்."

"நீ பாக்கறனுதான் காலி பண்ணேன். பாதிய செடிக்கு ஊத்திட்டேன். உன்னாண்ட சொன்னா நீ இன்னும் வேகமா ஓட்டுவ. அந்தப் பொம்பளைங்க மேல ஏத்திடுவியோனு எனக்குப் பயம்."

அவள் டீயைக் குடித்து முடிக்கும் வரை நான் காருக்கு வெளியிலேயே நின்றேன். பல்பு கடைக்காரர், மெக்கானிக், இந்த டீக்கடைக்காரர் என்று எல்லோரையும் திட்டிக்கொண்டு திரிந்த அத்தனை நாளும் அவள் தொண்டை காய்ந்து இருந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அந்த நீலப் பெயிண்ட் டப்பா கண்ணில் பட்டது. நாலு இலையோடு நின்ற கறிவேப்பிலை புதுக் கிளை விட்டு டப்பா விளிம்பையே மறைத்திருந்தது. கார்த்திகை முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் நல்ல மழை, அதனால்தான் இப்படித் தழைக்கிறது என்று நானே நாலு பேரிடம் சொல்லியும் இருந்தேன்.